அறிவிப்புப் பலகையை அம்போ என்று விட்டுப் போன அண்ணனுக்கு

இரண்டாம் லயம்,
புக்கிட் ரோத்தான்.
18.8.1986

மதிப்பிற்குரிய அழகேசன் அண்ணன் அவர்களுக்கு, உங்கள் சித்தப்பா மகள் கங்கா வணக்கத்துடன் எழுதுவது. கோலா குபு பாருவில் மாமியார் வீட்டில் நீங்களும் அண்ணியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று தெரியும். அதனால் சுகம் கேட்கவில்லை. இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்குக் கோபம். மற்றபடி எல்லாரும் நலம்.

நேரில் நான் உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நீங்கள் வந்தால் தேநீரை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிடுவேன். அந்தப் பெண்தானா இப்படி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அவள்தான். தாள் என்னைத் திரும்பிப் பார்க்காது, அதனால் எழுத முடிகிறது.

நம் தோட்டத்து மன்றத்தின் அறிவிப்புப் பலகையை நீங்களும் உங்கள் நண்பர்களும் இத்தனை வருடம் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டீர்கள். யார் என்ன தாள் கொண்டுவந்தாலும் படித்துப் பார்த்து, பொய் என்றால் கிழித்துப் போட்டு, மெய் என்றால் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். அதில் நம் தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பலகையில் இருந்தால் அது உண்மை. யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. மன்றத் தலைவர் நாராயணசாமி ஐயா திடீரென்று சாவி இனிமேல் தன்னிடம்தான் இருக்கும், தாளுக்குத் தாள் வந்து கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னது தப்புதான். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதிகாரம் செய்ய ஒரு சாவியாவது வேண்டியிருக்கிறது. “சும்மா செய்யிறவங்ககிட்டயே சட்டம் பேசுறாரா? இனி ஒரு தாளையும் தொட மாட்டோம்” என்று நீங்கள் வேலைநிறுத்தம் செய்ததும் சரிதான். ஆனால் “கண்ணாடி எங்க வசூல்ல வாங்கினது” என்று அதையும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனீர்களே, அது என்ன நியாயம்? கூரை ஓரத்தில் மொட்டையாக நிற்கிற பலகையைப் பார்த்தால் எவனுக்குத்தான் எதையாவது ஒட்டத் தோன்றாது?

ஒட்டினார்கள். முதலில் லாட்டரி நம்பர் எடுத்துக் கொடுக்கும் சாமியார் ஒட்டினார். அடுத்து, குட்டையானவர்களை உயரமாக்கும் மாத்திரை வந்தது. அதன் மேலேயே ஒருவன், உயரமானவர்களுக்கு முதுகுவலித் தைலம் என்று ஒட்டிவிட்டுப் போனான். பிறகு ஒரு கூந்தல் எண்ணெய்க்காரன், தன் வேன் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து ஹாரன் அடிக்கும், தாய்மார்கள் ஓடி வரவும் என்று பெரிய எழுத்தில் ஒட்டினான். பலகையில் இருந்தால் உண்மை அல்லவா? தாய்மார்கள் ஓடினார்கள். என் அம்மா நல்லம்மாள்தான் முதலில் ஓடினாள். அந்த எண்ணெயைத் தேய்த்த பிறகு அவள் தலையணையில் இருந்த முடி, தலையில் இருந்ததைவிட அதிகம். லயமே ஒன்றுகூடி, இனி எந்த வேன் ஹாரன் அடித்தாலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது என்று முடிவு செய்தது. இதை மறந்துவிடாதீர்கள், கீழே வருகிறது.

எல்லாவற்றையும்விடக் கேவலம் அம்மன் தாள். எங்கோ ஓர் அம்மன் கோயிலில் பாம்பு பேசியதாம், படிக்கிறவர்கள் அதைப் பன்னிரண்டு தாளில் எழுதி ஒட்ட வேண்டுமாம், ஒட்டாவிட்டால் வீட்டில் மாடு சாகுமாம். நீங்கள் இருந்திருந்தால் அதைச் சுருட்டி அடுப்பில் போட்டிருப்பீர்கள். நீங்கள்தான் மாமியார் வீட்டில் போராடிக்கொண்டிருந்தீர்களே. எழுதத் தெரியாதவர்கள் எல்லாரும் யாரிடம் வருவார்கள்? ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, வீட்டில் சும்மா இருக்கிற, கையெழுத்து அழகாக இருக்கிற, வாய் திறந்து மாட்டேன் என்று சொல்லத் தெரியாத என்னிடம் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அத்தைதான் முதலில் வந்தார்.

“கங்கா, வெரசா எழுதிக் குடு லா. பொழுது சாயறதுக்குள்ள ஒட்டணும்.”

“அத்தை, உங்க வீட்டுலதான் மாடே இல்லையே.”

“அதான்டி பயமா இருக்கு. மாடு இல்லேன்னா அது வேற யார் மேல பாயும்? ஒங்க மாமா மட்டும்தான் வீட்ல இருக்காரு.”

எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? விரல் வீங்கும்வரை எழுதினேன். கஞ்சிப் பசை போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியதில் பலகை மெத்தை மாதிரி ஆகிவிட்டது. நாராயணசாமி ஐயா பார்த்தார், கொதித்தார். “இங்கே தாள் ஒட்டக் கூடாது” என்று ஓர் அறிவிப்புப் போட முடிவு செய்தார். அதையும் யாரிடம் எழுதச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? “பெரிசா எழுதும்மா. நாலு பக்கமும் ஒட்டணும், ஒரு இருபது காப்பி போடு” என்றார். ஒட்டக் கூடாது என்கிற தாள்களால் மிச்சம் இருந்த இடமும் போனது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளான் பக்கத்து ரேடியோ தொழிற்சாலையிலிருந்து, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை லயத்துக்கே வேன் வரும், அடையாள அட்டையோடு நிற்கவும் என்று ஒரு தாள் வந்திருக்கிறது. பலகையில்தான் ஒட்டியிருக்கிறார்கள். அது எதற்கு அடியில் போனது என்றால், என் கையெழுத்துக்கு அடியில். வேன் வந்து போகும்வரை அது எனக்கே தெரியாது. இந்த வேலைக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா என்ன சொல்லியிருக்கிறாள் என்றும் தெரியும். வருடம் முடிவதற்குள் தொழிற்சாலையில் இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஈஜோக்கில் இருக்கும் மாமா மகன் சன்னாசிக்குத் தட்டு மாற்றிவிடுவாள். சன்னாசி நல்லவர்தான், நான் குறை சொல்லவில்லை. வாத்து வளர்க்கிறார். பெண் பார்க்க வந்தபோது அவர் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: “வாத்து கொத்துனா பயப்படுவீங்களா?” நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். வெட்கம் இல்லை அண்ணன், பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. நம் லயத்து முன்னால் நின்று ஹாரன் அடித்தது. நாங்கள் என்ன செய்தோம்? கதவைச் சாத்தினோம். லயம் முழுக்கத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் படபடவென்று கேட்டது. “எண்ணெக்காரன் வந்துட்டான், மூச்சு விடாதே” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அவன் மறுபடியும் மறுபடியும் அடித்தான். சின்னத்தாய் அத்தை ஜன்னல் வழியாக, “போடா மொட்டையாக்குறவனே!” என்று கத்தினார். வேன் போய்விட்டது.

புக்கிட் ரோத்தானில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரின் மகள் சுரையாவைத் தெரியுமல்லவா, என்னோடு படித்தவள். அவள் அந்த வேனில்தான் இருந்தாள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் கடைக்குச் சீனி வாங்கப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, நான் உள்ளேர்ந்து கை காட்டுறேன், நீங்க என்னடான்னா கதவச் சாத்துறீங்க? ஆள் எடுக்க வந்த மேடம் கேக்குறாங்க, இந்த எஸ்டேட்ல ஏதும் தொத்துநோயான்னு!”

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. இன்னும் ஒரு தடவை வேன் வரும், இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி, எந்த நாள் என்று தாள் ஒட்டுவார்கள் என்றாள். எங்கே ஒட்டுவார்கள்? அந்த மெத்தையின் மேல். ஒட்டிய அன்று மாலைக்குள் அதன் மேல் பாம்பு பேசிவிடும்.

ஆகையால் அண்ணன், தயவு என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. கோபமாகவே சொல்கிறேன். உங்களுக்கும் ஐயாவுக்கும் சண்டை என்றால் ஐயாவின் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுங்கள். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர் மாத்திரை வாங்கவில்லை, அவர் தலையில் முடியும் ஏற்கெனவே இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். இந்தக் கடிதம் கண்டதும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, வேலைநிறுத்தத்தை முடித்து, பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும். வராவிட்டால் என் கல்யாணத்துக்கு வந்து வாத்துக்கறி சாப்பிட்டுப் போகவும்.

அண்ணிக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் என் வணக்கம். நம் குலதெய்வம் உங்களைக் காப்பாற்றட்டும், எங்களைக் காப்பாற்ற அதற்கு இப்போது நேரம் இல்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
கோபத்தில் இருக்கும் தங்கை,
கங்கா

பின்குறிப்பு: தபால்தலை வாங்கத் தாமதமானதால் கடிதம் நாலைந்து நாள் இங்கேயே கிடந்தது. அதற்குள் சின்னத்தாய் அத்தை புதிதாக ஒரு தாளோடு வந்தார், இந்தத் தடவை ஆடு சாகுமாம். உங்களைத் திட்டி எழுதிய சூடு கையில் இருந்தது, வாய்க்கும் ஏறிவிட்டது. “முடியாது அத்தை. நானும் வேலைநிறுத்தம்” என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. எழுதித் தரச் சொல்லி வந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் போனார்கள். பிள்ளைகள் தாளுக்கு ஓர் ஐஸ் கேட்டார்கள். அம்மனுக்காக ஐஸ் வாங்கித் தர யாரும் தயாராக இல்லை. அப்புறம் மழை. கண்ணாடி இல்லாத பலகையில் சாரல் அடித்து, பாம்பு, மாத்திரை, எண்ணெய், ஐயாவின் இருபது காப்பி எல்லாம் ஊறிக் கீழே விழுந்தன. மறுபடி எழுதித் தர ஆள் இல்லை. நேற்று வெறும் பலகையில் ஒரே ஒரு தாள் இருந்தது. புதிதாக ஒட்டிய தொழிற்சாலைத் தாள், வருகிற ஞாயிறு வேன் வரும் என்று. அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, “இதானே அது?” என்று கேட்டு, நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து ஆணி அடித்தாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வரவே வேண்டாம், கண்ணாடியும் அங்கேயே இருக்கட்டும், வேலைநிறுத்தத்தைத் தைரியமாக நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்டால் மற்றவர்கள் தாழ்ப்பாள் போடட்டும். நான் விடிந்ததிலிருந்தே வாசலில் நிற்பேன்.