பஞ்சபுராணத்துக்கு நடுவே ஓர் இருமல்

கெட்ட பழக்கத்தை விட்டவனுக்கு வருகிற தலைக்கனம் வேறு எவனுக்கும் வராது. 2009இல் நான் அப்படித்தான் திரிந்தேன். சிகரெட்டை விட்டுவிட்டு, பற்றரியில் ஓடும் எலெக்ட்ரிக் சிகரெட்டுக்கு மாறியிருந்தேன். லண்டனில் அது அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. இழுத்தால் நுனியில் சிவப்பு லைட் எரியும். மோர்டனில் எங்கள் வீட்டுச் சமையலறையில், போனுக்குப் பக்கத்தில் அதுவும் சார்ஜில் கிடக்கும்.

மாறியது உடம்புக்காக அல்ல (உண்மையைச் சொன்னால் என்ன), மைக் ஆசையால். கோயில் திருவிழாவில் ஒருநாள் எங்கள் குடும்பத்து உபயம். அன்றைய செலவும் எங்களுடையது, பூசை முடிவில் மைக்கில் பஞ்சபுராணம், அதாவது தேவாரம் முதலான ஐந்து பாட்டுகள், பாடும் பெருமையும் எங்களுடையது. புகையை விட்டால் குரல் கணீரென்று வரும் என்று நம்பினேன். வந்தது இருமல். சிகரெட் பத்திய காலத்தில்கூட நான் அப்படி இருமியதில்லை.

"டொக்டரிட்டைப் போங்கோ," என்றாள் மனைவி சுமதி. "இல்லாட்டி நான் பாடுறன். எனக்கும் தேவாரம் தெரியும்."

"எங்கட கோயிலில எந்தப் பொம்பிளை மைக் பிடிச்சவ? நீர் சும்மா இரும்," என்றேன்.

உபய நாளும் வந்தது. நடுக்கம் தீரட்டும் என்று கார் பார்க்கில் நின்று நீளமாக ஒரு இழுவை இழுத்துவிட்டு உள்ளே போனேன். (மேலே சட்டை இல்லை, இடுப்பில் பட்டு வேட்டி, அதன் மடிப்புக்குள் அந்தச் சாமான்!) தீபாராதனை முடிந்து ஐயர் என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் சொல்லை இழுத்தேன். அடுத்த சொல் வரவில்லை. இருமல்தான் வந்தது, அதுவும் ஸ்பீக்கர் வழியாக. காது கேளாத பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாடி முடிந்ததாக நினைத்துத் தவில்காரர் அடிக்கத் தொடங்க, ஐயர் கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, தண்ணி குடிக்கிறீரோ?" அதுவும் மைக்கில் கேட்டது.

கண்ணீர் வழிய நின்ற என் கையிலிருந்து யாரோ மைக்கை வாங்கினார்கள். பார்த்தால் சுமதி. பெண்கள் பக்கத்திலிருந்து நேரே நடந்து வந்திருந்தாள், ஒருவரிடமும் கேட்கவில்லை. நான் விட்ட இடத்தில் எடுத்து ஐந்தையும் பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை. இத்தனை வருடம் அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருந்தும் அதன் அருமை தெரியாத என்னை என்ன சொல்ல! வெட்கத்தையும் மறந்து வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அவள்மேல் ஏறிய மதிப்பு இன்னும் இறங்கவில்லை.

பிறகு டொக்டரிடமும் போனேன். சிகரெட்டை விட்டதும் நுரையீரல் தேங்கிய சளியை வெளியே தள்ளப் பார்க்கும், அதனாலும் இருமல் வரலாம். புதிய ஆவி நெஞ்சை உறுத்துவதாலும் வரலாம். அது உள்ளே என்ன செய்யும் என்று இன்னும் சரியாகத் தெரியாது என்றார். அதையும் விட்டேன். சில மாதங்களில் இருமல் நின்றது, படியேறினால் மூச்சு வாங்குவதும் குறைந்தது.

அந்த வருடத்திலிருந்து எங்கள் உபயத்தில் பாடுவது சுமதிதான். போன திருவிழாவில் ஐயரிடம், "ஐயா, நெஞ்சு இப்ப சுத்தம். இந்த முறை நானும் பாடட்டோ?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"தாராளமாப் பாடும் தம்பி," என்றார். "மைக் அவவிட்டையே இருக்கட்டும்."

வீட்டில் எந்த விஷயத்துக்கு நான் வாயைத் திறந்தாலும் பிள்ளைகள் இப்போது சொல்வது அதைத்தான்.