வேலிக்கே வேலி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடைக் கூட்டாளியும் உங்கள் மனைவிக்கு அண்ணனுமாகிய நான் எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், வேலி மிக நலம். சரக்கெடுக்கப் போன ஊரில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறதோ!

நம் இரும்புக்கடை முன்னால் இருந்த முள்கம்பி வேலியைப் பிடுங்கியது நான்தான். அங்கே கிளுவை, நொச்சி, மூலைக்கொரு நாவல் என்று உயிர்வேலி வைத்தவனும் நானே. திங்கட்கிழமை ஆள் கூட்டிவந்து அதை வெட்டப்போவதாகவும், தடுத்தால் கடையைப் பிரித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிரித்துக்கொள்ளுங்கள். தராசு உங்களுக்கு, வேலி எனக்கு. ஒரு குச்சிகூட வெட்ட விடமாட்டேன்.

தப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை, இரும்புக் குழாய் வாங்குகிற பழக்கத்தில் அளவுநாடாவோடு நாற்றுப்பண்ணைக்குப் போய், இருப்பதிலேயே நெட்டையான கன்றுகளைப் பொறுக்கி, அடிக்கணக்கில் பேரம் பேசி, ஜெயித்த மிதப்பில் திரும்பினேன். பண்ணைக்கார அம்மா, "அண்ணே, உசரத்தைப் பாக்காதீங்க, வேரு பையிலேயே சுருண்டு கெடக்கு" என்றது காதில் ஏறவில்லை. பதினைந்தே நாளில் அத்தனையும் விறகு. மறுபடி போனேன், அந்தம்மா சிரிக்காமலே முழங்கால் உயரக் கன்றும், வெட்டி ஊன்றினாலே வேர்பிடிக்கிற கிளுவைக் குச்சியான போத்தும் கொடுத்தாள், நட்டேன், துளிர்த்தது, ஆடு வந்தது, மேய்ந்தது, மிச்சத்தைக் காப்பாற்ற நம்ம சரக்கிலிருந்தே முள்கம்பி எடுத்துச் சுற்றிக் கட்டினேன். எதிர்க்கடை மெக்கானிக், "என்னண்ணே, வேலிக்கே வேலியா? அடுத்து அதுக்கொரு வாட்ச்மேனா?" என்றான். தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, நான் தண்ணீரை நிறுத்தவில்லை. இப்ப நெஞ்சுயரம் வந்தாச்சு, கம்பியையும் அவுத்தாச்சு. வண்ணத்துப்பூச்சி வருது, அணில் வருது, ஓணான் ஒண்ணு கல்லாவுக்கு நேரா உக்காந்து, விலையெல்லாம் கேட்டுட்டு வாங்காமப் போறவன் மாதிரி தலையாட்டுது. கொண்டைக்குருவி நம்ம கட்டுக்கம்பித் துண்டையும் சேத்துக் கூடு கட்டி, மூணு முட்டை மேல உக்காந்திருக்கு. அதைக் கிளப்பவா ஆள் கூட்டிட்டு வர்றீங்க?

பெயர்ப்பலகை மறைகிறது என்கிறீர்கள். இரண்டடி தூக்கி மாட்டினால் தீர்ந்தது. கம்பி விற்கிறவன் வாசலில் செடிவேலி இருந்தால் எவன் வாங்குவான் என்கிறீர்கள். சுத்தியல் விற்கிறோமே, வருகிறவன் தலையிலா அடித்துக் காட்டுகிறோம்? இருபது வருஷம் முள்கம்பி நின்ற இடம் அது. ஒரு உயிராவது அதில் குடியிருந்ததா? என் சட்டைதான் ஆறு கிழிந்தது. திங்கட்கிழமை வேலிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வெட்ட வருகிறவன் முதலில் என்னைத் தாண்டட்டும்.

முதுகுவலி தீர்ந்து நீங்கள் நெடுங்காலம் நிமிர்ந்து நடக்க, குருவி உட்பட இங்குள்ள எல்லோரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
இம்மியும் நகராத
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: ஒரு குச்சிகூட வெட்ட விடமாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இதை முடிக்கும்போது என் தங்கை அரிவாளோடு வந்து நின்றாள். நீங்கள்தான் அனுப்பினீர்களோ என்று எழுந்தே விட்டேன். "அண்ணா, அவரு வர்றதுக்குள்ள எங்க வீட்டைச் சுத்தியும் வெச்சிடணும்" என்றாள். கூடு இல்லாத பக்கமாகப் பார்த்து, நாற்பது போத்து நானே வெட்டினேன். உங்கள் வீட்டு முள்கம்பியைப் பிடுங்கி, அத்தனையும் ஊன்றியாயிற்று. உங்கள் சார்பில் அவளே கையெழுத்துப் போட்ட விலை இது: போத்துக்குக் காசில்லை, குஞ்சு பறக்கும்வரை இரண்டு வேலியிலும் கத்தி படக் கூடாது, தினமும் காலையில் நாற்பதுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியது நீங்கள்.