ஜேபி மறுபடியும் நிற்கிறார்

காலை ஆறு இருபதுக்கு சுஜீத் எழுந்தான். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தான். பாணுக்குப் பட்டர் பூசி மகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தான். ஆறு வயது லக்‌ஷிகாவை எழுப்பித் தலை பின்னிவிட்டான். இடது பின்னல் தடிப்பாக வந்தது. அவிழ்த்துத் திரும்பப் பின்னினான். இப்போது வலது தடிப்பாக வந்தது. அப்படியே விட்டான். மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, பஸ் தரிப்பில் நின்று போனைப் பார்த்தான்.

தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா செய்தி அனுப்பியிருந்தார். ஜேபி பதவிக்கு இந்த முறை போட்டி இருக்கிறது. நிற்பது சிவகௌரி.

இங்கிலாந்தில் ஜேபி எனப்படும் சமாதான நீதவான்களை அரசு நியமிக்கும். யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘ஜேபி’ என்ற இரண்டு எழுத்துக்கு இருந்த மரியாதையை ரெய்னர்ஸ் லேனில் குடியேறிய தமிழ்ச் சனம் மறக்கவில்லை. வேலி, கார் நிறுத்துமிடம், வந்து சேராத கலியாண வீடியோ என்று எந்தப் பிணக்கையும் பேசித் தீர்க்க, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சங்கம் ஒருவரைத் தெரிவு செய்தது. சங்கத்தின் யாப்பு விதிகளில் அவருக்குப் பெயர் இணக்கக் குழுத் தலைவர். எல்லோரும் கூப்பிடுவது ஜேபி.

சுஜீத் ஆறு வருடமாக ஜேபி. இரண்டு முறையும் எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. சிவகௌரி ஐம்பது வயது கடந்த மருத்துவமனைத் தாதி. சங்கக் கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறந்தவரல்ல. அவர் ஏன் நிற்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் மரக்கறிக் கடையில் நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மனைவி விதுஷா காலமாகி ஒரு வருடம் ஆகவில்லை, கையில் சின்னப் பிள்ளை, இந்த நிலையில் திரும்பவும் ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உண்மையான பதில், வீட்டின் அமைதியை அவனால் தாங்க முடியவில்லை என்பது. மற்றவர்களுடைய சண்டை நடுவில் இருக்கும்போது மூச்சு வந்தது. வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல முடியாது.

“விதுஷா கடைசியாச் சொன்னது அதுதான். விட்டிடாதேங்கோ எண்டு.”

நாலு பேரும் தலையைக் குனிந்தார்கள். ஒருவர் அவன் வாங்கிய முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு கார்வரை வந்தார்.

விதுஷா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பின்னேரம் அவன் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று, இரண்டு வீட்டாரின் வேலிப் பிணக்கைப் போனில் தீர்த்துக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம். திரும்பிப் போனபோது அவள் நித்திரையாயிருந்தாள். பிறகு எழும்பவில்லை. வேலி விஷயம் நல்லபடியாக முடிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தப் பொய் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அதில் விதுஷா அவனுடைய கையைப் பிடித்து, “சனத்துக்கு நீங்கள் வேணும்” என்று சொல்லிக் கண்ணை மூடியிருந்தாள். சுஜீத் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போன் எடுத்தான்.

“அண்ணை, அவ அந்த வசனம் சொல்லேல்லை.”

“அப்ப சரியான வசனத்தைச் சொல்லும் தம்பி. பேப்பரும் பேனையும் கையில இருக்கு.”

அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்லத்தான் நினைத்தான். மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. யோசித்து, அடக்கமான ஒரு வசனத்தைச் சொன்னான். அடக்கமாக இருந்ததால் அது இன்னும் உண்மை போல இருந்தது.

அடுத்த ஞாயிறு விதுஷாவின் ஆட்டத்திவசம், முதலாம் ஆண்டுத் திதி. அதற்கடுத்த ஞாயிறு தேர்தல். திவசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரை அச்சடிக்கும் பொறுப்பை ஸ்ரீஸ்கந்தராஜா எடுத்துக்கொண்டார். உமக்கு ஏன் வீண் கரைச்சல் என்றார். சுஜீத் அதை இரக்கம் என்று நினைத்தான்.

திவசத்தன்று ஐயர் புறப்பட்ட பிறகு மலர் கைக்குக் கை போனது. கடைசிப் பக்கத்தில் விதுஷா சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே அவளுடைய இறுதி வார்த்தைகள். அதற்குக் கீழே தேர்தல் நாள், நேரம், மண்டபத்தின் முகவரி. ‘வேட்பாளர் இலக்கம் 1’ என்பதைச் சுற்றிச் சின்னத் தாமரைப் பூக்கள்.

சுஜீத் மிச்சப் பிரதிகளை எடுத்து அலுமாரிக்குள் வைக்கப் போனான். அதற்குள் இல்ஃபோர்டிலிருந்து வந்த விதுஷாவின் தாய், செல்வமலர் மாமி, அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டார்.

“இதையோ பிள்ளை கடைசியாச் சொன்னவள்?”

“ஓம் மாமி.”

“எனக்கெண்டு ஒண்டும் சொல்லேல்லையோ?”

பெற்ற தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. “அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டவ,” என்றான். மாமி அழுதார். பிறகு விதுஷாவின் தங்கை வந்து தன்னைப் பற்றிக் கேட்டாள். பிறகு சின்னம்மா. ஒரு மச்சான், கலியாண வீட்டில் சாரி பங்கிடுவதைப் போல் தனக்கும் ஏதாவது இருக்குமா என்று சுற்றிச் சுற்றி நின்றான். வடை முடிவதற்குள் விதுஷா ஏழு பேருக்கு ஏழு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். உயிரோடு இருந்தபோது அவள் அவ்வளவு பேசியதில்லை.

தட்டுகளைக் கழுவும்போது சுஜீத் முடிவெடுத்தான். தேர்தலன்று எல்லோருக்கும் முன்னால் எழும்பி, நான் விலகுகிறேன் என்று சொல்வது. பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளத் துணிவு வராவிட்டால், விலகுவதையாவது சொல்வது.

தேர்தலன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாமி முன்வரிசையில், மலரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சுஜீத் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினான். அதற்குள் சிவகௌரி எழும்பிவிட்டார். தான் விலகுவதாகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை, சனம் மாமியின் மடியிலிருந்த மலரைப் பார்த்தது. ஸ்ரீஸ்கந்தராஜா கொண்டுவந்திருந்த மாலை ஏற்கனவே பாதி பையிலிருந்து வெளியே வந்திருந்தது. அரைவாசி எழும்பிய சுஜீத்தின் கழுத்தில் அது விழுந்தது. ஏற்புரைக்கு எழுந்ததாக நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவன் நன்றி என்றான்.

கூட்டம் கலைந்தபோது சிவகௌரி பஸ் தரிப்பில் நின்றார். சுஜீத் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனான்.

“அக்கா, விதுஷா அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. நான் சொன்ன பொய். நான் பக்கத்திலயே இருக்கேல்லை.”

“தெரியும் தம்பி. நான் இருந்தனான்.”

அன்று வேலை முடிந்து போகிற வழியில் விதுஷாவை எட்டிப்பார்த்ததாகச் சொன்னார். அரை மணித்தியாலம் இருந்தாராம். விதுஷா நித்திரையான பிறகுதான் கிளம்பினாராம்.

“அப்ப ஏன் விலகினீங்கள்? எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாமே.”

“தாய்க்காரி முன்னால இருக்கிறா. எப்பிடிச் சொல்லுறது?”

பஸ் வந்தது. கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. சுஜீத்துக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டான்.

“கடைசியா என்ன சொன்னவ அக்கா?”

சிவகௌரி அவனைப் பார்க்காமல் சொன்னார்.

“‘அக்கா, அடுத்த தேர்தலுக்கு நீங்கள் நில்லுங்கோ. நிண்டு, இவரைத் தோற்கடிச்சு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கோ.’”