படல் திறந்தால் எரியும் விளக்கு

இன்னும் பிறக்காத மிஷினுக்கு நிறுத்துகிற பட்டன் வைத்த ஆள் இந்தப் பூமியிலேயே எங்கள் லைட்டுக்காரர் ஒருவர்தான். மறுப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நான் தயார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்த சமயம். கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் நர்சாக இருந்தேன். பக்கத்து வீட்டில் அவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மலை முழுக்க லைட்டுக்காரர். கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில், கம்ப்யூட்டர் சொன்னபடி தானாகவே வெட்டுகிற சிஎன்சி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர். அதே மாதிரி ஒன்றைத் தன் கையாலேயே செய்து, பலா மரப் பலகையில் கதவுக்குப் பூ வேலை செதுக்கித் தருவதென்று முடிவுகட்டி, மனைவி சரசுவோடு மலை ஏறிவிட்டார்.

"இதைக் கீழேயே செய்யக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கீழ வெயிலுங்க நர்சம்மா. மோட்டாரு சூடாயிரும். இங்கன்னா அதுக்குக் குளுகுளுன்னு இருக்குமுங்க."

அந்த மோட்டார் அப்போது வாங்கப்படவே இல்லை.

ஊர் உலகத்தில் மிஷினைச் செய்துவிட்டுப் பட்டன் வைப்பார்கள். இவர் பட்டனில் ஆரம்பித்தார். பழைய பீரோக் கதவை அறுத்து ஒரு பலகை, அதில் வட்ட வட்டமாக ஓட்டை. ஓட விடப் பச்சை, நிறுத்தச் சிவப்பு, ஆபத்தென்றால் ஓங்கி அடிக்கக் காளான் மாதிரி ஒரு பெரிய சிவப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் தலைமாட்டில் ஒரு விளக்கு. பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். இடியாப்பத்தைப் பிழிந்து கவிழ்த்த மாதிரி வயர். ஆனால் ஒரு வயரைத் தொட்டுக் கேளுங்கள், அது எங்கே புறப்பட்டு எங்கே போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

மலையில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அதனால் கரண்ட் இல்லை என்று காட்டவும் ஒரு சிவப்பு விளக்கு வைத்தார். கரண்ட் இல்லாதபோது அது எப்படி எரியும்? அதற்கென்றே ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி!

"கரண்ட் போனா எனக்கே தெரியுமே. வீடே இருட்டாயிடுது!" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமுங்க. பலகைக்குத் தெரிய வேண்டாமுங்களா?"



அவர் வீட்டுக்குள் போக ஒரு சட்டமும் இருந்தது. யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காளான் பட்டனைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். "மொதல்ல நிறுத்தக் கத்துக்கோணுமுங்க. ஓட்டறது அப்பறம்" என்பார். தபால்காரர் அடித்தார். மிளகு காய வைக்கச் சாக்குக் கேட்டு வந்தவர் அடித்தார். நானும்தான் அடித்தேன். எதிர்வீட்டு முத்தாயக்காவோ, எங்கள் வீட்டுக்கு வந்தால்கூடப் பழக்கதோஷத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கும்.

சிரித்தோம், சரி. சரசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷம் ஓடிப் போச்சு, மிஷின் மட்டும் ஓடவில்லை. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

"எங்கப்பன் ஊட்டுக்குப் போறனுங்க. மிஷின் ஓடற அன்னைக்குச் சொல்லியனுப்புங்க, வாரேன். அது வரைக்கும் உங்க பல்புகளோடயே குடும்பம் நடத்துங்க!"

மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்விட்டாள். பாவம், மனுஷர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். அடுத்த வாரம் பார்த்தால், பலகையின் கீழ் மூலையில் புதிதாக ஒரு மஞ்சள் விளக்கு. பக்கத்தில் பட்டனே கிடையாது. என்ன இது என்று கேட்டால் பேச்சை மாற்றினார்.

குட்டை உடைத்தது முத்தாயக்காவின் ஆடுதான். மிஷினின் மேஜை கடைக்கோடிக்கு நகர்ந்துவிட்டால் 'போதும்' என்று சொல்ல ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதில் ஒன்றைக் கொண்டுபோய் வாசல் மூங்கில் படலில் கட்டி, வேலியோரமாக வயர் இழுத்திருந்தார். படல் திறந்தால் உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். சரசு வந்துவிட்டாள் என்று! வந்தது ஆடு. மறுநாளும் ஆடு. பல நாள் நான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் மறுநொடியே, "வாங்க நர்சம்மா, பட்டனை அடிங்க" என்பார்.

இந்தக் கதை பஸ்ஸேறிக் கீழே இறங்கி, ஆட்டுக்கு வாசல் வரை ஓடிவரும் மாப்பிள்ளை என்று மாமனார் ஊர் வரைக்கும் பரவியதாகக் கேள்வி.

சரசு போனதில் ஒரு நன்மை. நிஜமாகவே மிஷின் வளர்ந்தது. பழைய பிரிண்டர்களைப் பிரித்து மோட்டார் எடுத்தார், இரும்பு வெட்டினார், கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஆயுத பூஜை நெருங்கும்போது எல்லாம் கூடி வந்துவிட்டது. "விஜயதசமி காலையில் மிஷின் ஓடும்" என்று கண்டக்டரிடம் சரசுவுக்குச் சொல்லியனுப்பினார்.

பூஜையன்று பொரி கடலை வாங்கச் செம்மேட்டுக்குப் போனவர், "அக்கா, பலகைக்கு ரெண்டு பொட்டு வெச்சு உடுங்க" என்று முத்தாயக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கா சொல்லித்தர வேண்டும்? ஒன்றை வைத்து ஒன்றை விட்டால் சாமி குற்றம் ஆகிவிடுமாம். பட்டன் பட்டனாக, விளக்கு விளக்காக, கட்டிச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. விடிவதற்குள் சந்தனம் சிமெண்ட் ஆகிவிட்டது.

விஜயதசமி காலை. மெயினைப் போட்டார். பலகையில் பச்சை எது, சிவப்பு எது, ஒன்றும் தெரியவில்லை. அத்தனையும் பொட்டு வைத்த நெற்றி மாதிரி வரிசையாக நிற்கின்றன. காளான் பட்டன் அமுங்கவே மாட்டேன் என்கிறது.

"அக்கா, என்னக்கா இது!"

"சாமி, மங்களகரமா இருக்குதில்ல?" என்றது அக்கா.

ஈரத்துணியை எடுத்து மேலிருந்து வரிசையாகத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஒரு பக்கம் சுரண்டினேன். அவர் துடைத்துத் துடைத்துக் கடைசியில் கீழ் மூலைக்கு வந்தார். சந்தனத்தை எடுத்தால், அடியில் மஞ்சள் விளக்கு நின்று எரிந்துகொண்டிருக்கிறது!

"ஆடுதான்" என்றேன்.

"ஆட்டை இன்னைக்குக் கட்டித்தானே போட்டிருக்கறேன்?" என்றது அக்கா.

மனுஷர் துணியோடு பாய்ந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். படல் விரியத் திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. தூரத்தில், திரும்பிப் போகிற பஸ்ஸை நோக்கிப் பையோடு சரசு விறுவிறுவென்று நடந்துகொண்டிருக்கிறாள். கண்டக்டர் வேறு விசில் ஊதுகிறான். எப்படித்தான் ஓடினாரோ, பஸ் படிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"ஆட்டுக்கெல்லாம் ஓடியாறீங்களாம். நான் எத்தன நேரமுங்க நிக்கறது?" சரசுவின் கண் நிறைந்திருந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. மஞ்சளும் சிவப்புமாக இருந்த துணியை நீட்டினார். "சந்தனம்... லைட்டு மேல... சரசு..."

அவள் துணியைப் பார்த்தாள். அந்த மூஞ்சியைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

வீட்டுக்குள் வந்ததும் அவளாகவே கண்ணை மூடி, காளான் பட்டனை ஒரே அடியில் பிடித்தாள். பிறகு பச்சையை அமுக்கினாள். மிஷின் உறுமிக்கொண்டு பலாப் பலகையில் இறங்கி, அழகாக ஒரு இதழை வளைத்தது. இரண்டாவது இதழ் பாதியில் கரண்ட் போய்விட்டது. பலகையில் அந்தச் சிவப்புப் பேட்டரி விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது.

"பாத்தியா சரசு, பலகைக்குத் தெரிஞ்சிருச்சு!" என்று குதித்தார்.

"அவதான் வந்துட்டாளே, அந்த மஞ்சள் விளக்கைக் கழட்டிடலாமே?" என்று கொஞ்ச நாள் கழித்துக் கேட்டேன்.

"தெனமும் வெளிய தெருவுக்குப் போயிட்டு வருவாளுங்களே!" என்றார்.

கழற்றவில்லை. நான் மாற்றலாகி இறங்கும் வரை அது எரிந்தது. எத்தனையோ ஊரில், எத்தனையோ வாசலில் நின்றுவிட்டேன். என் வரவுக்கென்று உள்ளே ஒரு விளக்கு எரிந்தது அந்த வீட்டில்தான். ஆட்டுக்கு எரிந்த அதே விளக்குதான். இருக்கட்டுமே, எரிந்ததே!