புதன்கிழமை அப்பாவுக்கு ஒரு விண்ணப்பம்

செஞ்சி,
9-6-1966

மகா கனம் பொருந்திய வானொலி அப்பா அவர்கள் சமூகத்துக்கு, செஞ்சிக் கோட்டை வாட்ச்மேன் கலியபெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சம்சாரம் மீனம்பாளும் மகள் அமிர்தவல்லியும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் நாடக மகளும் சுகமாக இருப்பது புதன்கிழமைதோறும் பஞ்சாயத்து ரேடியோவில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. உங்கள் சொந்தப் பேர் தெரியாததால் இப்படி எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஐயா, உங்களால் என் மானம் கப்பலேறுகிறது. நீங்கள் கோபமே படுவதில்லை. மகள் எது செய்தாலும் ஒரு இருமல் இருமி, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்கிறீர்கள். என் உத்தியோகம் அப்படியா? மலை உச்சியில் நிற்கிறவனை அடிவாரத்திலிருந்து "ஏய், அங்கியே நில்லு, எட்டிப் பாக்காதே" என்று இருபது வருஷமாகக் கத்துகிறேன். வீட்டில் உப்பு கேட்டாலும் அதே குரல்தான் வருகிறது, பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடுகிறது. "அந்த அப்பாவப் பாரு, எவ்ளோ பதவிசா பேசறாரு" என்கிறாள் மீனம்பாள். சரி, நாமும் பேசிப் பார்ப்போம் என்று போன வாரம் உங்களைப் போலவே இருமிவிட்டு, "அமிர்தம், நீ இன்னாம்மா நெனைக்கிறே?" என்றேன். அவள், "யம்மா, நைனாவுக்குக் குளிர் ஜுரம் போல இருக்குது" என்று கூப்பிட, நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி இரண்டு பேருமாகப் பிடித்து ஊற்றிவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அமிர்தத்துக்கு விழுப்புரத்தில் டீச்சர் டிரெயினிங் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வகையறாவில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான், டீச்சராகப் போகிற முதல் ஆள் அவள். சந்தோஷந்தான். ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டுமாம். ஒரே பிள்ளை, அவள் போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், எனக்குப் பயமாக இருக்கிறது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், நேற்று பார்த்து உங்கள் நாடக மகளுக்கும் அதே மாதிரி கடுதாசி வந்து தொலைத்தது. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று நீங்கள் இருமிவிட்டுப் போய்விட்டீர்கள். "அவரு இன்னா சொல்றாரோ அதான்யா உனக்கும்" என்று டீக்கடை பச்சைமுத்து தீர்ப்பே சொல்லிவிட்டான். ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆகையால், ஒரே ஒரு தடவை, அடுத்த புதன்கிழமை மட்டும், "போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் இருமிக்கொள்ளுங்கள்.

உங்கள் தொண்டைக்கும் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க மலைமேல் அம்மனை வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
கலியபெருமாள்

பி.கு.: கடிதம் நாலு நாள் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. அதற்குள், திங்கட்கிழமையே ஹாஸ்டலில் சேர வேண்டும் என்று தெரிந்தது. அமிர்தம் டிரங்குப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து மூலையில் வைத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்காகக் காத்திருக்க முடியுமா? இன்று காலை நானே பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பியதும் நல்லபடியாகப் போய் வா என்று சொல்லத்தான் வாய் திறந்தேன், "ஏய், அங்கியே நில்லு" என்று வந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். அமிர்தம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா?" என்றாள். அழுதுவிட்டேன். பஸ் முழுக்கப் பார்த்தது, கடைத்தெருவில் இதே பேச்சு. ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள், இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். புதன்கிழமை உங்கள் மகளை அனுப்பிவையுங்கள். அனுப்பும்போது நீங்களும் கொஞ்சம் அழுங்கள். இருமி மறைக்க வேண்டாம். எங்கள் ரேடியோ கரகரக்கும், பச்சைமுத்துவுக்குக் கேட்கும்படி அழுங்கள்.