காட்டெருமைக்கு வைத்த உப்பு

மலையிலேயே குடியிருந்துகொண்டு காட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல் இருக்க இரண்டு பேரால்தான் முடியும். ஒருவர் சுற்றுலாப் பயணி. இன்னொருவர் தேயிலை ஃபேக்டரி கிளார்க். நான் பதினெட்டு வருடம் கிளார்க்.

தேயிலை விலை படுத்துக்கிடந்த காலம் அது. குந்தா பக்கத்தில் எங்கள் ஃபேக்டரி வாரம் இரண்டு நாள் ஓடி, பிறகு அதுவும் நின்றது. இலை எடை போட்டுக்கொண்டிருந்த எனக்கு எடை போட எதுவுமில்லை. மனைவி சரசு மட்டும் காட்டோரத் தோட்டங்களில் இலை பறிக்கப் போய் வந்தாள். அப்போதுதான் அணை ஏரிக்கு மேலே காட்டேஜ் கட்டியிருந்த பழனிசாமி, விருந்தினருக்கு மிருகங்களைக் காட்ட ஆள் தேடினார்.

"காட்டெருமை, கடமான், நீர்நாய் எல்லாமே நமக்குப் பழக்கமுங்க" என்றேன். (பழக்கமானது அட்டை மட்டும். அதுவும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.)

"ஞாயித்துக்கெழம ஒரு குடும்பம் வருதுங்க. காட்டெருமையக் காட்டீட்டீங்கன்னா வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

சரசுவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் இலை பறிப்பவளிடம் கிளார்க் சந்தேகம் கேட்பதா? காட்டெருமைக்கு உப்பென்றால் உயிர் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்த கல்லுப்பு முழுவதையும் பழைய பேப்பரில் கட்டி, இலைச் சாக்கில் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தேன். இலைச் சாக்கு வலை மாதிரி இருக்கும். உள்ளே இலை சூடேறாமல் இருக்க அப்படிப் பின்னுவார்கள். வேலை செய்த நாளெல்லாம் அதையே பார்த்தவனுக்கு உப்புக்கும் அதுதான் கைக்கு வந்தது. வழியெல்லாம் சாரல். கரையில் இறக்கிப் பார்த்தால் கிழிந்த பேப்பரும் ஒரு கைப்பிடி உப்பும்தான் மிச்சம். மழையில் கரைந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கோயமுத்தூர்த் தம்பதியோடு கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தது ஒரு தண்ணிக்கோழி.

"நீர்நாயப் பாத்துத்தானுங்க அது இப்படி ஓடுது" என்று அடித்துவிட்டேன்.

"நீர்நாய் எங்கீங்க?" என்றார் கணவர்.

"இப்பத்தான் முங்குச்சுங்க."

"எத்தன நேரம் முங்கும்?"

"அது அதோட மனசப் பொறுத்ததுங்க."

அந்த அம்மாள் காலில் அட்டையைப் பார்த்து அலறியபோது, ஜீப்பில் பழனிசாமி வந்து நின்றார். "ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க? காட்டெருமை உங்க ஊட்டு வாசல்ல நிக்குதுங்க!"

நின்றது. ஜீப்பில் ஏறிப் போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு, கூடவே ஒரு கன்று. வாசலில் ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தன. சரசுவின் பீட்ரூட் பாத்தி ஏற்கெனவே காலி. அவள் ஜன்னலிலிருந்து, ஜீப்பில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னாள்: "எறங்காதீங்க, கன்னு கூட இருக்குது. காலப் பாருங்க, வெள்ளைச் சாக்ஸ் போட்டாப்ல இருக்குதுங்களா? தலையத் தாழ்த்தி ஒடம்பப் பக்கவாட்டுல காட்டுச்சுன்னா கோவத்துல இருக்குதுன்னு அர்த்தமுங்க. நாங்க இலை பறிக்கறப்போ தெனமும் பாக்கறதுதான்." கோயமுத்தூர்க்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உப்ப இலைச் சாக்குலயா கொண்டுபோனீங்க? வாசல்லயே சிந்த ஆரம்பிச்சிருச்சு. எங்க சாக்குல ஈரம்னு சொல்லித் தெனமும் எடை கழிச்சீங்களே, உங்க சாக்க ஒருவாட்டி பாத்திருக்கக் கூடாதுங்களா?"

பதினெட்டு வருடம் கழித்த எடையெல்லாம் அன்று ஒரே நேரத்தில் என் தலையில் இறங்கியது.

பழனிசாமி வேலையை அங்கேயே கொடுத்துவிட்டார், சரசுவுக்கு. இன்றும் அவள் முன்னால் நடந்து மிருகங்களைக் காட்டுகிறாள்; நான் பின்னால் டீ ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு போகிறேன். வீட்டில் உப்பு தீர்ந்தால் யாரும் என்னைக் கடைக்கு அனுப்புவதில்லை. "ஏரி வரைக்கும் பொறுக்கீட்டு வாங்க" என்கிறாள் சரசு.