ஆகாயத்தில் ஒரு கிளாக்கர்

அகலக் கால் வைக்காதே என்பார்கள். இருபத்திரண்டு வயதில் நான் கால் வைக்கப் பார்த்தது ஆகாயத்தில். (புத்தி அப்போது எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.)

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர், அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. மானேஜருக்கு அடுத்த வெள்ளைக்காரரான எங்கள் சின்னத் துரை பழைய விமானம் ஒன்றை வாங்கி, வரக்காப்பொலப் பக்கம் ஒரு மேய்ச்சல் தரையில் நிறுத்தியிருந்தார். இறக்கையெல்லாம் துணி. விமானம் ஓட்டப் படிக்கக் கொழும்பில் கேட்ட கட்டணத்துக்கு என்னையே விற்றாலும் காணாது. ஆனால் எனக்கு ஊசி பிடிக்கத் தெரியும். ஆறு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் குந்தியிருந்து இறக்கைக் கிழிசல்களைத் தைத்தேன். ஏழாவது ஞாயிறு துரை கூப்பிட்டார்.

"கிளாக்கர், இன்னைக்கு நீ ஓட்டு. பத்து நிமிஷம் நேரே போனா வாராவாரம் சொல்லித் தாரேன். இல்லாட்டி, தையல் மட்டும்." (துரைமார் தமிழில் மரியாதைக்கு இடமே கிடையாது.)

எனக்குத் தலைகால் புரியவில்லை. முன் சீட்டில் துரை, பின் சீட்டில் நான். விமானத்தை ஓட்ட இருவருக்கும் தனித்தனிப் பிடி. பேசுவதற்கு நடுவே ஒரு குழாய். தடதடவென்று ஓடிக் கிளம்பினோம். நல்ல உயரம் போனதும் துரை இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். விமானம் இனி என் பொறுப்பு!

ஐயா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கேகாலை மலைகள் என் காலுக்குக் கீழே கிடந்தன. விமானம் நான் சொன்னபடி கேட்டது. (என் பேச்சைக் கேட்ட முதல் பிராணி அதுதான்.) ஒரு கிளாக்கர் துரையைத் தூக்கிக்கொண்டு போகிறான்! கத்தினேன், பாடினேன். எட்டு நிமிஷம் ஓடிவிட்டது.

ஒன்பதாவது நிமிஷம் குழாயில் துரையின் குரல். "கிளாக்கர்! ரொம்ப நல்லா ஓட்டுறே!"

தோட்டத்தில் துரை பாராட்டினால் என்ன செய்வோம்? எழுந்து நின்று இரண்டு கையாலும் சலாம் போடுவோம். நானும் அதையே செய்தேன். பிடியை விட்டேன். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். ஊன்றிய இடம் விமானத்தைத் திருப்புகிற மிதிகட்டை. விமானம் ஒருக்களித்து, மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தென்னந்தோட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. நானோ கும்பிட்ட கையை எடுக்கவில்லை. (துரை இன்னும் 'போதும்' என்று சொல்லவில்லையே!)

எப்படியோ துரை நிமிர்த்தி இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. இறங்கியதும் என் சட்டையைப் பிடித்தார்.

"என்னா செஞ்சே?"

"சலாம் போட்டேங்க தொரை."

துரை என் சட்டையை உதறி விட்டார். "முட்டாள்! மேலே நான் தொரை இல்லே. பிடி யார் கையிலே இருக்கோ, அவன்தான் தொரை. புரியுதா?"

"புரியுதுங்க தொரை" என்று நாலடி பின்னால் போய், இரண்டு கையாலும் மறுபடி ஒரு சலாம் போட்டேன்.

அதோடு என் பாடம் முடிந்தது. இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கதை மட்டும் என் கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் குழம்புக்கு உப்புப் புளி பற்றி நான் யோசனை சொல்லப் போனால் என் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"கரண்டி ஏங் கையில இருக்குங்க. ஒரு சலாம் போட்டுட்டு அங்கிட்டுப் போயி ஒக்காருங்க."

போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.